மணியோசை முன்னே, படம் பின்னே

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். ஒரு பக்கம் அடையாறு, கூப்பிடு தூரத்தில் விமான நிலையம், உள்தெருக்களில் இன்னும் ஓயாத கைத்தறிச் சத்தம். 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் இந்த ஊர்க் கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை போனது. அந்தச் சந்தை கைவிட்டுப் போன பிறகு இங்குள்ள நெசவாளர்கள் வாழை நார், சணல், கற்றாழை, அன்னாசி நார் என்று வயலில் வீணாகிற நார்களைத் தறியில் ஏற்றிப் பார்த்தார்கள். இன்று அனகாபுத்தூர் என்றால் துணி வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவது வாழை நார்ச் சேலைதான். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இந்த ஊரின் பெயர், இந்தச் சேலையால்தான் வெளியூர்க்காரர்கள் வாயில் புழங்குகிறது.

அந்தச் சேலையை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது சேலையை அல்ல, அதன் படத்தை. தறியில் இருக்கும்போதே முந்தியை விரித்துப் பிடித்து ஒரு படம், கரையை நெருக்கத்தில் ஒரு படம். கோவையிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது அரக்கா, மெரூனா?" என்று கேட்பார். "நேர்ல பாத்தா அரக்கும்மா, போன்லதான் அப்படித் தெரியுது" என்று பதில் போகும். கைத்தறிச் சேலையை போனில் விற்கிற எந்த ஊரிலும் இந்த உரையாடல் நடக்கிறது. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நடுவே பயணப்பட்ட படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கைப்பேசிக்குப் படம் வந்து சேரும் முறை அச்சு அசலாக இதுதான். நண்பர் ஒரு படத்தை அனுப்பியதும் அது நேராக நம் போனுக்குள் பாய்வதில்லை. முதலில் ஒரு சிறு அறிவிப்பு வருகிறது. அதைப் படித்துவிட்டு நம் போன் கிளம்பிப் போய், படம் இருக்கும் இடத்திலிருந்து அதை எடுத்து வருகிறது. மணியோசைக்கும் யானைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் எவ்வளவோ நடக்கலாம். போன் எடுத்து வர மறுக்கலாம், தவறலாம், எடுக்கக் கூடாததை எடுத்தும் வரலாம்.

இந்த ஏற்பாடு, படத்தையும் ஒலியையும் அனுப்பும் எம்.எம்.எஸ். சேவையில் தொடங்கியது. அதன் அண்ணன், எழுத்தை மட்டும் அனுப்பும் எஸ்.எம்.எஸ். பிறந்தது 1992 டிசம்பர் 3-ஆம் தேதி. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் இங்கிலாந்தின் வோடஃபோன் வலையமைப்பில் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். கைப்பேசியும் கோபுரமும் தங்களுக்குள் 'நான் இங்கே இருக்கிறேன்', 'உனக்கு அழைப்பு வந்திருக்கிறது' என்று பேசிக்கொள்ள ஒரு தனித் தடம் உண்டு. அந்தத் தடத்தில் மிச்சமிருந்த இடத்தில்தான் எஸ்.எம்.எஸ். ஏறிக்கொண்டது. அங்கே இடம் கம்மி. ஒரு செய்திக்கு 140 பைட், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அதில் அடங்கின.

தமிழுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் வரம்பு 70-ஆகக் குறைந்துவிடுகிறது. அந்த எழுபதும் நம் கண் எண்ணும் எழுபது அல்ல. 'அனகாபுத்தூர்' என்று எழுதிப் பாருங்கள். அ, ன, கா, பு, த், தூ, ர் என்று நமக்கு ஏழு எழுத்து. போனுக்கோ பன்னிரண்டு குறிகள்: காவில் ககரம் ஒன்று, கால் ஒன்று, த்-இல் தகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஊர்ப் பெயர் ஒன்றே 24 பைட்டைத் தின்றுவிடுகிறது. முகவரியையும் சேர்த்து எழுதினால் ஒரு செய்தி இரண்டாக, மூன்றாக உடையும். சில போன்கள் நீளமான செய்தியை நம்மைக் கேட்காமலே எம்.எம்.எஸ்.-ஆக மாற்றி அனுப்பிவிடும், அதற்குரிய கட்டணமும் பிடிக்கப்படும். பழைய போன்களில் தமிழ் எழுத்தே இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு தலைமுறை உருவானதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தமிழில் வாழ்த்து அனுப்ப வேண்டுமென்றால் அதைப் படமாக்கி அனுப்புவதே சுலபமாக இருந்தது. பூவும் விளக்குமாக வரும் காலை வணக்கப் படங்களைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

படத்தை அனுப்பும் ஆசைக்கும் ஒரு நாள் உண்டு. 1997 ஜூன் 11, அமெரிக்காவின் சான்டா குரூஸ் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. பிலிப் கான் என்ற மென்பொருள் தொழில்முனைவர் ஒரு டிஜிட்டல் கேமராவையும் கைப்பேசியையும் மடிக்கணினியையும் கம்பிகளால் இணைத்து, அப்போதுதான் பிறந்த தன் மகளின் படத்தை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடனே அனுப்பினார். 2000 நவம்பரில் ஜப்பானின் ஜே-போன் நிறுவனம் கேமரா பொருத்திய ஷார்ப் போனை விற்கத் தொடங்கி, படத்தை மின்னஞ்சலில் அனுப்பும் சேவையையும் அதோடு தந்தது. 2002-இல் நார்வேயின் டெலிநார் எம்.எம்.எஸ்.-ஐ வணிகச் சேவையாகத் தொடங்கியது. அதே ஆண்டு நோக்கியா தன் முதல் கேமரா போனான 7650-ஐக் கொண்டுவந்தது. நம் ஊருக்கும் சில காலத்தில் எம்.எம்.எஸ். வந்து சேர்ந்தது. ஒரு படத்துக்குச் சில ரூபாய் கட்டணம் என்பதால் பிறந்த நாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும் அனுப்பும் பண்டமாகவே அது இருந்தது.

இனி உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

அனுப்புகிறவரின் போன் படத்தையும் எழுத்தையும் ஒலியையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிறது. எது முதலில் தெரிய வேண்டும், எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்று குறிப்பெழுதிய ஒரு தாளும் உள்ளே போகும். பொட்டலம் போய்ச் சேரும் இடம், அவரது தொலைபேசி நிறுவனத்தின் எம்.எம்.எஸ். மையம். பெறுபவர் வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்றால் அந்த நிறுவனத்தின் மையத்துக்குக் கைமாறும். அங்கே அது காத்திருக்கிறது. மையம் பெறுபவரின் போனுக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறது: இன்னாரிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது, அளவு இவ்வளவு, இந்தத் தேதி வரை வைத்திருப்போம், இந்த இணைய முகவரியில் வந்து எடுத்துக்கொள். இந்தக் குறிப்பு வருவது எஸ்.எம்.எஸ். தடத்திலேயே. ஆனால் செய்திப் பெட்டியில் அது எழுத்தாகத் தெரியாது, போனே அதை விழுங்கிக்கொள்ளும். பிறகு போன் டேட்டா இணைப்பைத் திறந்து, அந்த முகவரிக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கி, 'கிடைத்தது' என்று மையத்துக்குச் சொல்லும். அனுப்பியவருக்கு டெலிவரி அறிக்கை போவது அதற்குப் பிறகுதான்.

இதைப் புரிந்துகொண்டால் எம்.எம்.எஸ். தொடர்பான புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். 'செய்தி வந்திருக்கிறது, ஆனால் டவுன்லோடு ஆகவில்லை' என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். மணியோசை வந்துவிட்டது, யானையை அழைத்து வரத்தான் வழி இல்லை. மொபைல் டேட்டா அணைந்திருக்கலாம். வீட்டில் வைஃபை இருக்கிறதே என்றால், பல நிறுவனங்களில் அது இங்கே உதவாது. எம்.எம்.எஸ். மையம் தொலைபேசி நிறுவனத்தின் உள்வலையமைப்புக்குள் இருக்கிறது, அதற்குள் நுழையும் வாசலுக்கு ஏ.பி.என். என்று பெயர். பல நிறுவனங்கள் சாதாரண இணையத்துக்கு ஒரு வாசலும் எம்.எம்.எஸ்.-க்கு வேறொரு வாசலும் வைத்திருந்தன. அந்த வாசல் முகவரி போனில் இல்லையென்றால் படம் வராது. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் புது சிம் போட்டதும் 'செட்டிங்ஸ்' என்று ஒரு செய்தி வரும். அதைச் சேமித்து, போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். ரீசார்ஜ் கடைக்காரர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து தருவார்கள்.

இரட்டை சிம் வந்த பிறகு இன்னொரு சிக்கல். செய்தி ஒரு சிம்முக்கு வரும், டேட்டா இன்னொரு சிம்மில் ஓடும். மற்ற நிறுவனத்தின் வாசல் வழியே போனால் மையம் கதவைத் திறக்காது. டேட்டாவை அந்த சிம்முக்கு மாற்றிவிட்டு மறுபடி தொட்டால் படம் இறங்கிவிடும். நாள் கடந்திருந்தால் இறங்காது, ஏனென்றால் மையம் பொட்டலத்தை ஏற்கெனவே அழித்திருக்கும்.

சேலையின் நிறத்துக்கு வருவோம்.

இன்றைய சாதாரண போன் கேமரா எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் 4,000-க்கு 3,000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட், ஏறக்குறைய 36 எம்.பி. எம்.எம்.எஸ். அனுமதிப்பது பெரும்பாலும் 300 கே.பி. அல்லது 600 கே.பி. நூறு மூட்டை நெல்லை ஒன்றிரண்டு மூட்டைக்கான இடத்தில் அடைக்க வேண்டிய நிலை. அப்படியும் படம் படமாகவே வந்து சேருகிறது. இந்த அதிசயத்தின் வேர்களில் ஒன்று கிண்டியில் இருக்கிறது.

1974 ஜனவரியில் ஒரு பொறியியல் ஆய்விதழில் சில பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நடராஜன் அவரிடம் ஆய்வு செய்த மாணவர். ராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போய் டெக்சாஸில் பேராசிரியரானவர். இந்த யோசனைக்கு நிதி கேட்டு அகமது 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். இது மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் கருதியதால் நிதி கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலே அடுத்த கோடையில் உட்கார்ந்து வேலையை முடித்தார். அந்தக் கட்டுரையில் பிறந்த கணிதம்தான், 1992-இல் உலகத் தரமாக வந்த ஜேபெக் படமுறையின் உயிர். உலகெங்கும் போன்களில் பயணிக்கும் கோடிக்கணக்கான படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூவரின் கணக்கு வழியாகத்தான் போகின்றன. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

கணக்கு இப்படி வேலை செய்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு என்று 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக முதலில் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் 64 புள்ளிகளாக எழுதாமல், 64 அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். முதல் அலை அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த அலைகள் மெல்ல மெல்ல நுணுக்கமாகும்: இடமிருந்து வலமாக ஒரு ஏற்ற இறக்கம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. கடைசி அலைகள் புள்ளிக்குப் புள்ளி மாறும் மிக நுண்ணிய வேறுபாடுகள். வானம், சுவர், முகம் போன்றவற்றில் கடைசி அலைகளின் பங்கு பூஜ்யத்துக்கு அருகில். நம் கண்ணும் அவற்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றைப் பூஜ்யமாகவே ஆக்கிவிடலாம். வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுத மிகக் குறைந்த இடமே போதும். இதனால்தான் படம் சுருங்குகிறது.

வாழை நார்ச் சேலையிலோ கண் தேடுவதே அந்தக் கடைசி அலைகளைத்தான். நாரின் சொரசொரப்பு, இழைக்கு இழை மாறும் பளபளப்பு, ஊடையில் ஆங்காங்கே தடித்து ஓடும் நாரின் முடிச்சு. கையால் நெய்தது என்பதற்குச் சாட்சியே அவைதான். சுருக்கும் கணக்குக்கு அவை வீண் செலவு. ஆகவே படத்தில் சேலை வழுவழுப்பாக, விசைத்தறித் துணி மாதிரித் தெரிகிறது.

நிறத்தில் இன்னும் கடுமையான சிக்கனம். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அதனால் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது வழக்கம். அனகாபுத்தூரின் பழைய பெருமையான கட்டம் போட்ட துணியை இதன் முன்னே வையுங்கள். பாவில் ஒரு சிவப்பு இழை, பக்கத்தில் ஒரு பச்சை இழை. படத்தைச் சின்னதாக்கும்போது நான்கு புள்ளிகளுக்குள் இரண்டும் வந்துவிட்டால் சிவப்புக்கும் பச்சைக்கும் சராசரி எடுக்கப்படும். அந்தச் சராசரி ஒரு மங்கிய பழுப்பு. நெய்தவர் நெய்யாத நிறம் அது, வாங்குகிறவர் கண்ணில் விழுவதும் அதுதான். இழைகளின் நெருக்கமும் புள்ளிகளின் நெருக்கமும் மோதிக்கொள்ளும்போது, துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் படத்தில் ஓடுவதும் உண்டு.

இந்தச் சேதம் ஒருமுறையோடு நிற்பதில்லை. எம்.எம்.எஸ். மையம் பெறுபவரின் போன் எந்த வகை, திரை எவ்வளவு பெரியது என்று பார்த்து, தேவைப்பட்டால் படத்தை மறுபடி சுருக்கி வைக்கும். வாட்ஸ்ஆப்பும் சாதாரணமாக அனுப்பும் படத்தை அளவு குறைத்தே அனுப்புகிறது. 2023 ஆகஸ்டில்தான் ஹெச்.டி. என்ற தேர்வு அதில் வந்தது. அந்தப் படத்தை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் இன்னொரு சுருக்கல். ஆகவே சேலை விற்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: படத்தைப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அப்போது ஒரு பைட்கூடக் குறையாமல் போய்ச் சேரும். அதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. போன் கேமரா படத்துக்குள் எடுத்த நேரம், போனின் வகை, சில சமயம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் எழுதி வைக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அவையும் கூடவே போகும். தறிக்கூடத்தின் இருப்பிடம் வெளியே போனால் பரவாயில்லை. வீட்டில் எடுத்த குழந்தையின் படத்துக்கு இந்த வழி வேண்டாம்.

படம் சிதைவது இருக்கட்டும், படம் போகவே முடியாத நாளும் உண்டு. அடையாற்றங்கரைக்காரர்கள் 2015 டிசம்பர் 1-ஐ மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் வழியெங்கும் சேர்ந்த வெள்ளமும் அடையாற்றில் இறங்க, முடிச்சூர், மேற்குத் தாம்பரம், அனகாபுத்தூர் தொடங்கி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை கரையோரம் மூழ்கியது. மின்சாரம் போனது. கோபுரங்களின் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஓய்ந்ததும் கைப்பேசிகள் ஊமையாயின. உயிரோடு இருந்த சில கோபுரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதினார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் உயிர் போகிற விஷயமாகிவிடுகிறது. எஸ்.எம்.எஸ். தனித் தடத்தில் போகும், 140 பைட்தான். குரல் அழைப்புக்கு இடமில்லாத கோபுரத்திலும் அது நுழைந்துவிட வாய்ப்பு உண்டு. போய்ச் சேராவிட்டாலும் மையம் வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். மூழ்கிய தெருவின் படம் அப்படியல்ல. அதற்கு டேட்டா இணைப்பு வேண்டும், அது கோபுரத்தின் கொஞ்ச நஞ்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே வெள்ளத்தில் சிக்கியவர் முதலில் செய்ய வேண்டியது, தெருப் பெயர், வீட்டு எண், எத்தனை பேர், எந்த மாடி என்று ஒரு எஸ்.எம்.எஸ். படம் அதற்குப் பிறகு. மழைக்கால முன்னெச்சரிக்கை அறிவிப்புகளில் டார்ச், பிஸ்கட், குடிநீர் என்று சொல்லும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மணியோசைக்கும் யானைக்கும் இடையிலான அந்த இடைவெளியை முதலில் சுரண்டியவர்கள் திருடர்கள். 2005-இலேயே காம்வாரியர் என்ற புழு, சிம்பியன் போன்களில் நுழைந்து, முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் எம்.எம்.எஸ்.-ஆகத் தன்னையே அனுப்பிக்கொண்டது. ஆனாலும் அந்தக் காலத்தில் பெறுபவர் தானே தொட்டு, நிறுவ ஒப்புக்கொண்டால்தான் அது உள்ளே வர முடியும். பத்து ஆண்டு கழித்து வந்தது அதைவிடக் கொடியது. 2015 ஜூலையில் சிம்பீரியம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோஷுவா டிரேக், ஆண்ட்ராய்டு போன்களில் வீடியோவைக் கையாளும் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற மென்பொருள் பகுதியில் ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார். வேண்டுமென்றே சிதைத்துச் செய்த ஒரு வீடியோவை எம்.எம்.எஸ்.-இல் அனுப்பினால் போதும். அறிவிப்பு வந்ததும் போன் தானாக அதை இறக்கும். முன்னோட்டப் படம் காட்டுவதற்காகத் தானாகவே திறந்து பார்க்கும். அந்தக் கணத்திலேயே வந்தவன் உள்ளே. போனின் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும், அவர் விழிப்பதற்குள் செய்தியை அழித்துவிடவும் முடியும். ஏறத்தாழ 95 கோடி கருவிகள் இந்த ஆபத்தில் இருந்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். அதையடுத்துத்தான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது.

ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாம் செய்தது இன்னும் எளிமையானது. படத்தைத் தானாக இறக்கும் முறையைத் தற்காலிகமாக நிறுத்தி, 'உங்களுக்கு ஒரு எம்.எம்.எஸ். வந்திருக்கிறது, வேண்டுமானால் இங்கே பாருங்கள்' என்று எழுத்துச் செய்தியை மட்டும் அனுப்பியது. மணியை ஒலித்துவிட்டு, கதவைத் திறப்பதை மனிதரிடமே விட்டுவிட்டார்கள். அதுதான் சரியான முடிவு. எம்.எம்.எஸ்.-ஐ வடிவமைத்தவர்களே உடனே எடுப்பது, பிறகு எடுப்பது என்று இரண்டு வழி வைத்திருந்தார்கள். வசதிக்காகப் பெரும்பாலான போன்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டன.

2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு எம்.எம்.எஸ். நம் ஊரில் ஏறக்குறைய மறைந்தே போனது. உலகிலும் அதற்கு விடைகொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வோடஃபோன் ஜெர்மனியில் அந்தச் சேவையை 2023 ஜனவரியில் நிறுத்தியது. ஆனால் அந்தப் பழைய ஏற்பாடு வாட்ஸ்ஆப்புக்குள் அப்படியே வாழ்கிறது. அனுப்பும் போன் படத்தைப் பூட்டி, பூட்டிய பெட்டியை வாட்ஸ்ஆப் சேவையகத்தில் வைக்கிறது. பெறுபவருக்குப் போகும் செய்தியில் பெட்டி இருக்கும் முகவரியும் அதன் சாவியும் இருக்கும். பெறும் போன் பெட்டியை எடுத்து வந்து திறந்துகொள்ளும். எம்.எம்.எஸ். மையத்தால் படத்தைப் பார்க்க முடியும். வாட்ஸ்ஆப் சேவையகத்தால் முடியாது. 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் இந்தப் பூட்டு வந்தது. பூட்டு வழிப்பறியைத் தடுக்கும். பெட்டிக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது.

அது எவ்வளவு பெரிய குறை என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதத்தில் பார்த்தது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று படமும் ஒலியும் வீடியோவுமாக வடமாவட்டங்களில் பரவிய வதந்தி, போளூர் அருகே அத்திமூரில் ஓர் உயிரைக் குடித்தது. சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன குடும்பம் அது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்து ஊரார் சந்தேகப்பட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். வயதான ஒரு பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார். அந்த நாட்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. 'இது விழிப்புணர்வுப் படம்' என்று சொல்லும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு யாரோ சுற்றுக்கு விட்டார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு அதை உலகம் முழுதும் கொண்டுவந்தது. எந்த வரம்பும் அந்தப் பெண்மணியைத் திருப்பித் தராது.

இன்று வருகிற யானை படம்போலக்கூட இல்லை. 'திருமண அழைப்பிதழ்', 'போக்குவரத்து அபராத ரசீது' என்ற பெயரில் வரும் கோப்பின் கடைசியில் ஏபிகே என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது படமும் அல்ல, ஆவணமும் அல்ல. போனில் நிறுவப்படும் ஒரு செயலி. தொட்டு, கேட்கிற அனுமதிகளை எல்லாம் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.-களை அது படித்து வெளியே அனுப்பும். அழைப்பிதழ் உறவினர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப முடியாது. அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அவர் பெயரிலேயே எல்லோருக்கும் போகும். காம்வாரியர் செய்த அதே வேலை, இருபது வருடம் கழித்து.

வாசகர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாட்ஸ்ஆப்பில் செட்டிங்ஸ் திறந்து, 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதியில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்ற இடத்தில் இருக்கும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். போனின் செய்திச் செயலியிலும் எம்.எம்.எஸ். தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அதன் பிறகு வருவது மங்கலான ஒரு சிறு முன்னோட்டமும் அளவும் மட்டும். யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று பார்த்து, வேண்டியதை மட்டும் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். ஏபிகே என்று முடியும் எதையும் தொடவே வேண்டாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனிலும் இதைச் செய்து கொடுங்கள், அவர்களுக்குத்தான் இந்த அழைப்பிதழ்கள் குறிவைத்து வருகின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் அதை வங்கி முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.